தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நடுவே

மலேசியக் காற்பந்தில் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் பல ஆண்டுகளாக நவம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துவந்தது. அடுத்த சீசன் தைப்பூசத்தை ஒட்டித் தொடங்கும். அதனால் எங்கள் ஏஜென்ட் தொழிலில் இருந்தவர்களுக்கு அப்போதெல்லாம் தீபாவளி முறுக்கு தொண்டையில் இறங்காது. பலகாரத் தட்டைக் கீழே வைப்பதற்குள் கைப்பேசி அடிக்கும். "அண்ணே, தாக் சம்போங்." ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்பதை மலாயில் அப்படிச் சொல்வார்கள், தமிழ்ப் பையனும் அப்படியேதான் சொல்வான். மேனேஜர் நேரில் உட்கார வைத்துச் சொல்லும் குழுக்களும் உண்டு. என்னிடம் இருந்தவர்களில் பலர் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து தங்கள் எண் நீக்கப்பட்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒருவனுக்கு அவன் தங்கை காட்டினாள்: குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அவன் படம், அதன்மேல் பெரிய எழுத்தில் 'தெரிமா காசே', அதாவது நன்றி. படம் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள்.

அந்த நிமிடத்திலிருந்து அவன் ஃபிரீ ஏஜென்ட். எந்தக் குழுவும் அவனுக்காக யாருக்கும் ஒரு வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை. அவன் கையெழுத்துப் போட்டால் போதும். தொலைக்காட்சியில் ஐரோப்பியக் காற்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய பேறு மாதிரித் தெரியும். எம்பாப்பே 2024இல் பாரிஸிலிருந்து மட்ரிட்டுக்குப் போனது இப்படித்தான். என்னிடம் பேசும் பெற்றோர்கள் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

நான் பினாங்கு இளையோர் வரிசையில் இருபத்தொரு வயது வரை ஆடியவன். முழங்கால் விட்டுவிட்டது. பாயான் லெப்பாசில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். 2015இல் ஃபிஃபா தன் பழைய ஏஜென்ட் உரிம முறையைக் கைவிட்டு, 'இடைத்தரகர்' என்று பதிந்துகொண்டால் போதும் என்று கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாக மாமா, மச்சான், கைப்பேசிக் கடைக்காரர் எல்லோரும் நுழைந்தார்கள், நானும் நுழைந்தேன். 2023இல் மறுபடியும் தேர்வு வந்தது. இருபது கேள்வி, ஒரு மணி நேரம், விதிப்புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், நூற்றுக்கு எழுபத்தைந்து எடுக்க வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றில்தான் எழுத முடியும். ஒரு காலத்தில் என்னோடு பந்து உதைத்த, ஆட்டக்காரர்களின் மனம் தெரிந்த இரண்டு மலாய் நண்பர்கள் அந்த ஆங்கிலத்தாலேயே தொழிலை விட்டார்கள்.

ஆபீஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. ஜாலான் டிரான்ஸ்ஃபரில் ரொட்டி சானாய்க் கடை மேசைதான் ஆபீஸ். ஆட்டக்காரர் மாற்றம் பேசுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான தெரு ஜோர்ஜ்டவுனில் கிடைக்காது என்று எல்லோரும் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்கள். சிரித்து வைப்பேன்.

இந்த ஃபிரீ ஏஜென்ட் உரிமையை வாங்கிக் கொடுத்தவர் ஜான்-மார்க் போஸ்மான் என்ற பெல்ஜியக்காரர். 1990 ஜூனில் லியேஜ் குழுவோடு அவர் ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 120,000 பிராங்க் வாங்கியவருக்கு 30,000 தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று பிரான்சின் டன்கர்க் குழுவுக்குப் போகப் பார்த்தார். டன்கர்க்கிடம் பணம் இருக்கிறதா என்று லியேஜுக்குச் சந்தேகம். மாற்றச் சான்றிதழை அனுப்ப ஏற்பாடு செய்யவில்லை. ஒப்பந்தமே முடிந்த மனிதரை அவர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1995 டிசம்பர் 15இல் தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் முடிந்தபின் பழைய குழு விலை கேட்கக் கூடாது. போஸ்மானின் ஆட்ட வாழ்க்கை அதற்குள் போய்விட்டது. பலன் மற்றவர்களுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே எட்கர் டாவிட்ஸ் அயாக்சிலிருந்து மிலானுக்கு விலையில்லாமல் போனார். 2001இல் சோல் கேம்பல் டோட்டன்ஹாமிலிருந்து ஆர்செனலுக்கு, அதுவும் ஜென்மப் பகையாளியிடம், இனாமாகப் போனார். குழு மிச்சப்படுத்திய விலை ஆட்டக்காரரின் கையெழுத்துப் பணமாக மாறியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அங்கே நான்கு, ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போடுகிறார்கள். ஃபிஃபா விதியில் உச்சவரம்பே ஐந்து ஆண்டுதான். கடைசி ஆறு மாதத்தில் ஆட்டக்காரர் வேறு குழுவோடு பேசலாம். ஒப்பந்தம் முடிய ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே குழுவுக்கு வியர்க்கத் தொடங்கிவிடும்: இப்போதே விற்கலாமா, சம்பளத்தைக் கூட்டி நீட்டிக்கலாமா, இல்லை சும்மா போக விடுவதா? அந்தப் பயம்தான் ஆட்டக்காரரின் பலம். எங்கள் ஊரில் ஒப்பந்தமே பத்து மாதம், பதினொரு மாதம். நவம்பரில் முடிந்துவந்த காலத்தில், ஜனவரியில் கையெழுத்து, ஜூனிலேயே கடைசி ஆறு மாதம் தொடங்கிவிடும். லீக்கில் பாதிப்பேர் ஒரே நாளில் ஃபிரீ ஏஜென்ட் ஆனால் யாருக்கு யார் பயப்படுவது?

ஏன் ஒரே ஆண்டு என்று குழுக்காரர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் கணக்கும் எனக்குத் தெரியும். மாநிலக் காற்பந்து சங்கமே குழுவை நடத்திய காலத்தில் பணம் மாநில அரசிடமிருந்தும் அதன் துணை நிறுவனங்களிடமிருந்தும் வரும். அது ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கப்படும் பணம். மந்திரி பெசாரோ முதலமைச்சரோ மாறினால் தலைவர் மாறுவார். தலைவர் மாறினால் மேனேஜர், மேனேஜர் மாறினால் பயிற்றுநர். அடுத்த ஆண்டு தன் நாற்காலியே இருக்குமா என்று தெரியாதவர் எப்படி ஒரு பையனுக்கு மூன்று ஆண்டு எழுதிக் கொடுப்பார்? 2021 சீசனுக்குள் எல்லாக் குழுக்களும் சங்கத்திலிருந்து பிரிந்து கம்பெனியாக வேண்டும் என்று மலேசியக் காற்பந்து சங்கம் ஆணையிட்டது. பினாங்கும் எஃப்சி ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியது, பணம் வரும் குழாய் பெரிதாக மாறவில்லை.

என் தந்தை காலத்தில் இந்தப் பேச்சே இல்லை. 1989இல் அரைத் தொழில்முறை லீக், 1994இல் முழுத் தொழில்முறை. அதற்கு முன்னால் நகராண்மைக் கழகத்திலும் துறைமுகத்திலும் வங்கியிலும் வேலை போட்டுக் கொடுத்து ஆட வைத்தார்கள். ஷுக்கோர் சாலே, இசா பாக்கார், அலி பாக்கார் காலத்துப் பினாங்குக் குழு 1974இல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கி வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் இந்தத் தீவுக்கு வரவே இல்லை. சிட்டி ஸ்டேடியத்தில் மரப்பலகையில் இடம் பிடிக்க மத்தியானமே போய் உட்கார்ந்தது பற்றி அப்பா ஒரு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டக்காரர்கள் காலணியைக் கழற்றிய மறுநாளும் அலுவலகம் போனார்கள். பென்ஷனும் வாங்கினார்கள். இப்போது முப்பத்து மூன்று வயதில் காலணியைக் கழற்றுகிறவனுக்கு மறுநாள் போக இடமில்லை. கிராப் ஓட்டுகிறான்.

விதிப்படி ஒப்பந்தம் முடிந்தவனுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் நான் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரும் 'சுராட் பெலெபாசான்' கேட்டார்கள், அதாவது விடுவிப்புக் கடிதம். புதுக் குழுவின் செயலாளர் கேட்பார். பழைய குழுவின் செயலாளர் மேசை டிராயரில் வைத்துக்கொண்டு தரமாட்டார். ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்காக நான் ஓர் அலுவலக வாசலில் மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். கடைசியில் காரணம் தெரிந்தது: இரண்டு மாதச் சம்பளப் பாக்கியை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தால் கடிதம் வரும். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். பதிவுக் காலம் மூடப் போகிறது, அவன் மனைவிக்கு ஏழாவது மாதம், நான் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது?

ஒப்பந்தத் தாளைப் படிப்பதுதான் எங்கள் தொழிலின் முக்கால்வாசி. பையன்கள் முதலில் புரட்டுவது சம்பளப் பக்கத்தை. நான் முதலில் பார்ப்பது அதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதை. பேசியது 6,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் அடிப்படைச் சம்பளம் 2,500, மற்றதெல்லாம் வீட்டு அலவன்ஸ், போக்குவரத்து அலவன்ஸ், படம் போடும் உரிமை என்று சிதறிக் கிடக்கும். கையில் வருவது ஒன்றுதானே அண்ணே என்பான். ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.க்கு முதலாளி போட வேண்டிய 13 விழுக்காட்டைக் குழு அந்த 2,500க்கு மட்டும்தான் போடும். நாளைக்குச் சம்பளத் தகராறு என்று போனால் 'சம்பளம்' எவ்வளவு என்ற கேள்வியில்தான் எல்லாம் நிற்கும். அடுத்து, காயம்பட்டால் எத்தனை வாரம் முழுச் சம்பளம் என்று பார்ப்பேன். அடுத்து, குழு கீழ் லீக்குக்கு இறங்கினால் என்ன என்ற வரி. பிறகு, 'ஆட்டத்திறன் திருப்தியாக இல்லாவிட்டால்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதைப் பென்சிலால் சுழிப்பேன். சீசனின் நடுவில் விதிவசத்தால் ஃபிரீ ஏஜென்ட் ஆகிறவர்களில் பலர் அந்த வாக்கியத்தில் கால் வைத்தவர்கள்.

அப்படிச் சுழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பயிற்றுநர் கேட்டார்: "நீங்க பந்து பார்க்கிறதே இல்லையா போஸ்?"

என் பங்கு எவ்வளவு என்று வாசகர் கேட்கலாம். 2023இல் வந்த ஃபிஃபா விதி, ஆண்டுக்கு இரண்டு லட்சம் அமெரிக்க டாலர் வரை வாங்குகிற ஆட்டக்காரரிடம் ஏஜென்ட் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றது. ஐரோப்பிய ஏஜென்டுகள் நீதிமன்றம் போய் அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த வரம்பை நிறுத்தி வைக்கச் செய்தார்கள். அவர்கள் சண்டை அவர்களுக்கு. 4,000 ரிங்கிட்டில் ஐந்து விழுக்காடு 200 ரிங்கிட். அதையும் சம்பளம் வந்த மாதத்தில்தான் கேட்க முடியும்.

ஒரு முறை என் ஆட்டக்காரன் ஒருவனோடு வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனேன். பிறையில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. அந்த ஆண்டு அவன் மாநிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகம். காவலாளியே எழுந்து கைகுலுக்கினார். கடன் அதிகாரி படமும் எடுத்துக்கொண்டார். பிறகு தாளைப் பார்த்துவிட்டு, "இது பத்து மாதக் கொன்ட்ராக்தானே? அடுத்த ஆண்டுக்கானது வந்தபிறகு வாங்க" என்றார். அடுத்த ஆண்டு வந்தது வேறு மாநிலத்திலிருந்து, அதுவும் பத்து மாதம். கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை செய்யும் அவன் அம்மாவின் பெயரில் கடன் கிடைத்தது.

சம்பளம் வராதபோது ஆட்டக்காரன் தானே ஃபிரீ ஏஜென்ட் ஆகலாம். 2018இல் ஃபிஃபா சேர்த்த 14 பிஸ் என்ற விதி அதற்குத்தான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், எழுத்தில் கேட்டு, குறைந்தது பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம், தப்பு குழுமேல். சொல்லும்போது நான்கு வரி. செய்யும்போது கைநடுங்கும் வேலை. முதலில் வங்கிக் கணக்குத் தாள்களை வரிசைப்படுத்த வேண்டும்: எந்த மாதம் எவ்வளவு வந்தது, அது எந்த மாதத்துக்கானது. குழுக்கள் பாதிப்பாதியாகப் போடும். ஆகஸ்டு மாதச் சம்பளத்தில் பாதி அக்டோபரில் வரும். இரண்டு மாதம் நிறைகிற மாதிரி இருக்கும்போது சரியாக ஓர் ஆயிரம் வந்து விழும், கணக்கு மறுபடி கலங்கும். கடிதத்தில் தேதி தப்பினால் போச்சு. மின்னஞ்சலில் அனுப்பி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் அனுப்புவேன். தபால் ரசீதை ஆட்டக்காரன் கையில் கொடுத்துப் படம் எடுத்துவைப்பேன்.

அந்தப் பதினைந்து நாளில்தான் மனிதர்களைப் பார்க்கலாம். முதல் வாரம் யாரும் பேசமாட்டார்கள். எட்டாம் நாள் வாக்கில் குழுவின் மூத்த ஆட்டக்காரர் யாராவது கூப்பிடுவார்: "தம்பி, டத்தோ மனசு கஷ்டப்படுறாரு." பத்தாம் நாள் பயிற்சிக்கு வராதே என்பார்கள், போகாவிட்டால் அவன்தான் ஒப்பந்தத்தை மீறினான் என்பார்கள். நான் பையனைக் காலணியோடு போய் வாசலில் நிற்கச் சொல்வேன், நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். மலேசிய நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் இந்த வேலையில் பல பேருக்குத் துணை நின்றிருக்கிறது. அவர்கள் இல்லாவிட்டால் பல கடிதங்கள் எழுதப்பட்டே இருக்காது. உலகக் கணக்கும் நமக்கு ஆறுதல் தராது: 2016இல் உலக ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 ஆட்டக்காரர்களிடம் கேட்டபோது, 41 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமானதாகச் சொன்னார்கள்.

ஆனால் முறித்துக்கொண்டு வந்தவனுக்கு அடுத்த குழு உடனே கிடைக்காது. 'கேஸ் போடுற பையன்' என்று பெயர் முன்னால் போய்விடும். விதி புத்தகத்தில் இல்லாத தண்டனை அது.

சந்தையில் ஒருவர் ஃபிரீ ஏஜென்டாக வந்தால் விலை இருக்கும். ஒரு குழுவே வந்தால்? 2022 முடிவில் பெட்டாலிங் ஜெயா சிட்டி சூப்பர் லீக்கை விட்டு விலகியது. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கமான மிஃபாவின் குழுவாகத் தொடங்கி, 2019இல் சூப்பர் லீக்குக்கு ஏறிய குழு அது. பி. மணியம் பயிற்றுநர். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் அந்தக் கடைசி சீசனை ஆடினார்கள்; சம்பள விஷயத்திலும் அவர்களைப் பற்றி நல்ல பேச்சுதான். நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். அதே சமயத்தில் மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் அடுத்த சீசனில் இல்லை என்றாயிற்று. சூப்பர் லீக் தரத்து உள்ளூர் ஆட்டக்காரர்கள் மூன்று குழு அளவுக்குச் சந்தையில். முந்தின மாதம் 8,000க்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு மேனேஜர், அந்தச் செய்தி வந்த வாரம் 4,500 என்றார். "வேண்டாம்னா பரவாயில்லை, வரிசையில பத்துப் பேர் நிக்கிறாங்க." அவர் பொய் சொல்லவில்லை. 2025இல் மறுபடியும் அதே கதை: கெடாவுக்கு உரிமம் இல்லை, பேராக் எஃப்சியும் ஸ்ரீ பகாங்கும் விலகின. அந்த ஜூலையில் இந்தியாவிலும் சூப்பர் லீக்கை நிறுத்தி வைத்தார்கள். மலேசியாவில் இடம் இருக்குமா என்று சென்னையிலிருந்து கேட்டவர்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

குழுக்களின் பக்கம் வருகிறேன். சின்னக் குழுவுக்கு ஃபிரீ ஏஜென்ட் முறை ஒரு வரம் என்பதை மறுக்க முடியாது. விலை கொடுத்து வாங்கப் பணமில்லாத குழு, மற்றவர்கள் கைவிட்டவர்களையும் வாய்ப்புக் கிடைக்காதவர்களையும் சேர்த்து ஒரு சீசனில் எழுந்துவிடலாம். பினாங்கு 2020இல், கோவிட்டால் பாதியாகச் சுருங்கிய சீசனில், சூப்பர் லீக்குக்குக் கீழே இருந்த பிரீமியர் லீக்கை வென்றது. மறு ஆண்டே பயிற்றுநர் தாமஸ் டிருஹாவின் கீழ் சூப்பர் லீக்கில் மூன்றாவது. ஊரே சிட்டி ஸ்டேடியம் பக்கம் திரும்பியது. அதற்கடுத்த ஆண்டு கடைசி இடம். லீக்கை மாற்றி அமைத்தார்கள் என்பதால்தான் கீழே போகவில்லை. காயம், பயிற்றுநர் மாற்றம், வெளிநாட்டு ஆட்டக்காரர் தேர்வு என்று காரணம் பல இருக்கும். ஆனால் ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் கட்டிய குழு ஏறுகிற வேகத்திலேயே இறங்கவும் செய்யும் என்பதை நான் இந்த ஊரில் இரண்டு முறை பார்த்துவிட்டேன். முதல் முறை 2017. அந்த ஜனவரியில்தான் ஃபைஸ் சுப்ரி சூரிச்சில் புஸ்காஸ் விருது வாங்கினார். பகாங்குக்கு எதிராக சிட்டி ஸ்டேடியத்தில் அவர் அடித்த, காற்றில் பாம்பாய் நெளிந்த அந்த ஃபிரீ கிக்கை உலகமே பார்த்தது. பெங்களூரு எஃப்சியை இருமுறை ஐ-லீக் வெற்றியாளராக்கிய ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்றுநராக வந்திருந்தார். சீசன் முடியும் வரை அவர் இல்லை. குழு கடைசியாக வந்து இறங்கியது.

ஒரு தற்காப்பு வரிசை ஒருவரை ஒருவர் பார்க்காமலே நகரக் கற்றுக்கொள்ள ஒரு சீசன் ஆகும். கற்றுக்கொண்ட நேரத்தில் நான்கில் மூன்று பேர் போய்விடுகிறார்கள். 2014இலிருந்து ஒவ்வொரு சூப்பர் லீக் பட்டத்தையும் ஜொகூர் டாருல் தக்சிமே எடுக்கிறது என்றால், பணம் மட்டும்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பணத்தில் அவர்கள் வாங்கியவற்றில் ஒன்று கால நீட்சி. எஸ். குணாளன் மாதிரி ஒருவர் அங்கே ஆண்டுக்கணக்கில் அதே வரிசையில் ஓடினார். மற்ற குழுக்கள் ஆட்டக்காரரைச் சேர்க்கின்றன, அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு நட்டம் யார் கண்ணுக்கும் படாதது. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தம் நடக்கும்போது நாடுவிட்டு நாடு விலைக்குப் போனால், அந்த விலையில் ஐந்து விழுக்காடு அவனைப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வரை வளர்த்த குழுக்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 2022இலிருந்து அதற்கென்றே பணம் பிரிக்கும் அமைப்பு ஒன்றை நடத்துகிறார்கள். பூஜ்யத்தில் ஐந்து விழுக்காடு பூஜ்யம். புக்கிட் மெர்தாஜாமில் சனிக்கிழமை காலையில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தன் சொந்தக் காசில் பந்தும் ஐஸ் தண்ணீரும் வாங்கும் ஒரு முன்னாள் ஆட்டக்காரரை எனக்குத் தெரியும். அவர் கையில் வளர்ந்த ஒருவன் தாய்லாந்துக்கு ஆடப் போனான். இங்கே அவன் ஒப்பந்தம் முடிந்திருந்தது, விலை இல்லை. "ஒரு ஜெர்சியாவது அனுப்பச் சொல்லு" என்றார் அவர். அனுப்பினான், அளவு சின்னது.

வேலையில்லாத மாதங்களில் உடம்பைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. ஃபிஃபா விதிப்படி, பதிவுக் காலம் மூடுவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்தவனைப் பின்னால்கூடப் பதியலாம். அதனால் நடு சீசனில் யாருக்காவது கால் முறிந்தால் அழைப்பு வரலாம். வரும்போது ஓடத் தயாராக இருக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒரு நடுக்கள ஆட்டக்காரன் தினம் விடியற்காலை தண்ணீர்மலைக்குப் போய், பாலதண்டாயுதபாணி கோவிலின் 513 படிகளையும் ஓடி ஏறுவான். அர்ச்சகர் முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு நேரம் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். சாயங்காலம் செலவுக்காகச் சமூக லீக் ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு 150, ஜெயித்தால் 200. அங்கே புல் இருக்காது, மருத்துவர் இருக்கமாட்டார், காப்புறுதி கிடையாது. போகாதே என்று சொல்வது என் வேலை. மாதக் கடைசியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

2024இல் லீக் நாட்காட்டியை மாற்றிவிட்டார்கள். சீசன் மே மாதத்தில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நீண்டது. அதற்கடுத்தது ஆகஸ்டில் தொடங்கியது. ஆசியப் போட்டிகளின் நாட்காட்டியோடு ஒத்துப்போக இது தேவைதான். இடையில் விழுந்த மாதங்கள் யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லாதவை. என் வீட்டில் தீபாவளி நிம்மதியாக நடக்கிறது. கைப்பேசி இப்போது பள்ளி விடுமுறையில் அடிக்கிறது.

இந்த சீசனுக்கு முன் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு இரண்டு குழுக்களிடமிருந்து தாள் வந்தது. ஒன்று மூன்று ஆண்டு, மாதம் 2,800, ஆண்டுக்கு 500 கூடும். இன்னொன்று ஓர் ஆண்டு, 4,000. பையனின் அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்க, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூணு வருஷம் கட்டிப் போட்டுருவாங்களே சார். நல்லா ஆடிட்டா வெளிய போக முடியாதே?"

"போகலாம். வேண்டுகிறவன் காசு கொடுத்து வாங்கிட்டுப் போவான். காசு கொடுத்து வாங்கினவன் உங்க பையனை பெஞ்சில உட்கார வைக்க மாட்டான். சும்மா வந்தவனை உட்கார வைப்பான்."

"அந்தக் குழு மூணு வருஷம் இருக்குமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேராக் 1921இலிருந்து மலாயாக் கிண்ணம் ஆடிய மாநிலம். அதன் பெயரில் இருந்த குழுவே ஒரு கடிதத்தில் காணாமல் போனதைப் பார்த்துவிட்டுத்தானே அவர் கேட்கிறார். குழு போய்விட்டால் மூன்று ஆண்டுத் தாளும் அன்றே காற்றில் போகும், பையன் மறுநாளே ஃபிரீ ஏஜென்ட், அவ்வளவுதான் என்றேன். இரண்டு ஆண்டு, 3,300, அதற்குமேல் பையன் விருப்பப்பட்டால் ஓர் ஆண்டு என்று முதல் குழுவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டேன். மேனேஜர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் அப்பா 4,000 தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பையனுக்கு மோட்டார் சைக்கிள் தவணை இருந்தது. ஆறாம் நாள் முதல் குழுவின் மேனேஜர் கூப்பிட்டு, 3,300 சரி என்றார்.

பையன் இந்த சீசனில் ஏழு ஆட்டத்தில் பதிலாளாக இறங்கியிருக்கிறான். ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம்கூட இல்லை என்பதால், விதிப்படி நான் இப்போது மற்றவர்களோடு பேசலாம். பேசிக்கொண்டிருக்கிறேன்.